வைரஸால் வந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்: நோயாளிக்கு ஆலோசனை வழங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று சதைப் பரிசோதனை முடிவு வந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு செய்திகள் காத்திருக்கின்றன. முதலாவது நோயின் பெயர். இரண்டாவது, அந்த நோய்க்குக் காரணம் உடலுறவின் வழியாகப் பரவும் ஒரு வைரஸ் என்பது. முதல் செய்தியைச் சொல்வதில் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஓரளவு பழக்கம் உண்டு. இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுச் சொல்வதில்லை. கைப்பேசியில் வரும் காணொளி வழியாகவோ, தடுப்பூசி பற்றிய சுவரொட்டி வழியாகவோ, பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர் வாய்வழியாகவோ அது வீட்டுக்குள் வந்து சேர்கிறது. அப்படி அரைகுறையாக வந்து சேரும்போது குடும்பம் தானாகவே ஒரு விளக்கத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த விளக்கத்தில் யாராவது ஒருவர் குற்றவாளியாகிவிடுவார். பல வீடுகளில் அது நோயுற்ற பெண்ணாகவே இருக்கும்.

ஆகவே வைரஸ் பற்றிய செய்தியை ஆலோசகரே, தனிமையில், பிறர் சொல்வதற்கு முன்பே, முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. பழிச்சொல்லைச் சுமந்துகொண்டு ஒரு பெண் இரண்டு மாதச் சிகிச்சையை முடிப்பது மிகக் கடினம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணிபுரியும் செவிலியர்கள், ஆலோசகர்கள், மருத்துவ சமூகப் பணியாளர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. நோயாளியுடன் மருத்துவமனைக்கு அலையும் மகளுக்கோ தங்கைக்கோ கூட இது பயன்படலாம்.

ஆலோசகர் முதலில் தெளிவாக அறிந்திருக்க வேண்டியவை

கருப்பைவாய்ப் புற்றுநோய்கள் ஏறத்தாழ அனைத்துக்கும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி., காரணமாக உள்ளது. இந்தத் தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே சுமார் 70 விழுக்காடு கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணமாகின்றன.

நோயாளிக்கு உண்மையில் உதவும் செய்திகள் இதற்கு அடுத்தவைதாம். உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் இந்த வைரஸ் தொற்றுகிறது. ஒரே ஒருவருடன் மட்டும் வாழ்ந்தவருக்கும் தொற்றலாம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு, ஓரிரு ஆண்டுகளில் உடலே அதனை நீக்கிவிடுகிறது. அவர்களுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு மட்டும் அது கருப்பைவாயின் செல்களில் நிலைத்துத் தங்கி, 15 முதல் 20 ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டு புற்றுநோயாக மாறுகிறது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகச் சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு, இந்தக் காலம் 5 முதல் 10 ஆண்டுகளாகக் குறையலாம். புகைப்பழக்கமும் ஆபத்தைக் கூட்டுகிறது. மிக இளம் வயதில் திருமண வாழ்க்கை தொடங்குவதும் பல பிரசவங்களும் ஆபத்தைக் கூட்டும் காரணங்களாக அறியப்பட்டவை. சிறு வயதுத் திருமணங்களைத் தடுக்க இன்னும் போராடிக்கொண்டிருக்கும் இந்த இரு மாவட்டங்களில் இதை நாம் மறந்துவிட முடியாது. ஆனால் ஆலோசனை அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இதைக் காரணமாகச் சொல்வதில் எந்தப் பயனும் இல்லை. பதினைந்து வயதில் தனக்குத் திருமணம் செய்துவைக்கப்பட்டதற்கு அவர் பொறுப்பாளி அல்லர்.

படி 1: சந்திப்புக்கு முன்

நோயாளியை அழைப்பதற்கு முன்பு அறிக்கையை நீங்கள் முழுமையாகப் படித்திருக்க வேண்டும். நோய் எந்த நிலையில் உள்ளது, ஸ்கேன் எடுத்தாயிற்றா, மருத்துவர் என்ன சிகிச்சையைத் தீர்மானித்திருக்கிறார் என்பவை தெரியாமல் பேச உட்காரக் கூடாது. வெளிநோயாளிகள் வரிசைக்கு நடுவே, திரைச்சீலைக்குப் பின்னால் அடுத்தவர் நிற்கும் இடத்தில், இந்தப் பேச்சு நடக்கக் கூடாது. தனி அறை இல்லாத மருத்துவமனைகள் உண்டு. அங்கே மதியம் கூட்டம் கலைந்த பிறகு வரச் சொல்லுங்கள். ஆனால் அவர் ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டிப் பக்கத்திலிருந்தோ வந்தவரின் மனம் அந்தப் பேருந்தின் மேல்தான் இருக்கும்.

மொழியையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ஓசூர், சூளகிரிப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் கன்னடம் பேசுகிறவர்களும் பலர். சந்தையில் தமிழ் பேசிச் சமாளிக்கிறவர் என்பதால் தமிழில் சொன்ன மருத்துவச் செய்தி முழுவதும் புரிந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மொழிபெயர்க்க மகனையோ மருமகனையோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். உதிரப்போக்கையும் தாம்பத்தியத்தையும் பற்றிய கேள்விகளை மகன் தன் தாயிடம் கேட்க மாட்டார். கேட்டாலும் தாய் பதில் சொல்ல மாட்டார். மொழி தெரிந்த ஒரு செவிலியரை அழைத்துக்கொள்வதே சரி.

படி 2: அவருக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்பது

பேச்சை நீங்கள் தொடங்குவதைவிட அவரைத் தொடங்க வைப்பது நல்லது. "உங்களுக்கு என்ன பிரச்சினைன்னு டாக்டர் சொன்னாருங்கம்மா?", "நீங்க என்னன்னு நெனச்சிட்டு இருக்கீங்க?" என்ற இரண்டு கேள்விகள் போதும். சிலர் வெள்ளைப்படுதல் என்று சொல்வார்கள். சிலர் புண் என்பார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் அழுவார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த உதிரத்தை, மீண்டும் தீட்டு வந்துவிட்டது என்று வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்தவர்கள் உண்டு. "ஏன் இவ்வளவு நாள் வரலை?" என்று கேட்டு அந்த வெட்கத்தைக் குற்ற உணர்வாக மாற்றிவிடாதீர்கள்.

இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கக்கூடிய இன்னொரு கேள்வி: "கர்ப்பப்பையத்தான் அப்பவே எடுத்துட்டாங்களே, அப்புறம் எப்படிங்க வரும்?" வெள்ளைப்படுதலுக்கும் உதிரப்போக்குக்கும் கருப்பைவாயைச் சோதிக்காமலே கருப்பையை அகற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அந்த நேரத்திலேயே புற்றுநோய் இருந்திருந்தால், அகற்றிய பிறகும் அது எஞ்சிய பகுதியில் தொடரலாம். பழைய அறுவைச் சிகிச்சையின் காகிதங்களையும், சதை சோதனைக்கு அனுப்பப்பட்டிருந்தால் அதன் முடிவையும் தேடி எடுத்து வரச் சொல்லுங்கள். முன்பு செய்தவர்களைப் பற்றி நோயாளியிடம் தீர்ப்புச் சொல்வது ஆலோசகரின் வேலை அன்று.

வாசலிலேயே உங்களை நிறுத்தி, "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம், தாங்க மாட்டா" என்று கணவரோ அண்ணனோ கேட்பது வழக்கம். அது பெரும்பாலும் அன்பினால் வரும் வேண்டுகோள், அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். "நானா போயி எதையும் திணிக்க மாட்டேங்க. ஆனா அவங்க கேட்டா பொய் சொல்ல மாட்டேன். வாரத்துல அஞ்சு நாள் கரண்ட் வைக்கும்போது அவங்களுக்கே தெரிஞ்சிடும், அப்ப நம்ம யாரையும் நம்ப மாட்டாங்க" என்று விளக்கினால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். (கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பேச்சு வழக்கில் 'கரண்ட்' என்பார்கள்.) எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே தனியாகக் கேளுங்கள். சிலர் உண்மையாகவே, "எல்லாத்தையும் என் மகள்கிட்ட சொல்லிடுங்க" என்பார்கள். அதுவும் அவருடைய முடிவுதான்.

படி 3: நோயின் பெயரைச் சொல்வது

சுற்றி வளைக்காமல், ஒரு சிறு முன்னறிவிப்புடன் சொல்லுங்கள்: "டெஸ்ட் முடிவு வந்திருக்கும்மா. நாம எதிர்பார்த்த மாதிரி இல்ல. கர்ப்பப்பை வாயில புற்றுநோய் இருக்கு." சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அந்த அமைதியை நிரப்ப உடனே சிகிச்சை விவரங்களைக் கொட்டுவது நம்முடைய பதற்றத்தைத் தணிக்குமே தவிர, அவர் காதில் எதுவும் ஏறாது. அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "பொழைப்பனா?" என்பதாக இருக்கும். ஆரம்ப நிலையில் இருந்தால் முழுமையாகக் குணமாக நல்ல வாய்ப்பு உள்ளது என்றும், சற்று முற்றிய நிலையிலும் சிகிச்சையை இடைவிடாமல் முடித்தவர்களில் பலர் குணமடைகிறார்கள் என்றும் அவரது நிலைக்கு ஏற்ப உண்மையைச் சொல்லலாம். உறுதிமொழி தராதீர்கள்.

படி 4: வைரஸைப் பற்றிச் சொல்வது

முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டுமா? நோயாளி அதிர்ச்சியில் இருந்தால் அடுத்த சந்திப்புக்குத் தள்ளிவைக்கலாம், ஆனால் சிகிச்சை தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. கதிர்வீச்சுப் பிரிவின் காத்திருப்பு இடத்தில் ஒரே நோயுள்ள பல பெண்கள் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே இந்தச் செய்தி எந்த வடிவத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சொல்லும்போது அவர் தனியாக இருக்க வேண்டும். மாமியாரும் கணவரும் வெளியே இருக்கட்டும். "சில பெண்கள் விஷயம் கேக்கணும்" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். சொற்கள் இப்படி இருக்கலாம்:

"அம்மா, இந்த நோய்க்கு ஒரு வைரஸ் காரணம். இது எய்ட்ஸ் கிருமி இல்ல, வேற. புருஷன் பொண்டாட்டியா வாழ்ற யாருக்கும் இது தொத்தலாம். நெறைய பேருக்கு உடம்பே அதை விரட்டிடும். கொஞ்ச பேருக்குத்தான் உள்ளேயே தங்கி, பதினஞ்சு இருபது வருஷம் கழிச்சு இப்படி மாறுது. உங்களுக்கு எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. இப்ப உங்களுக்கு வைத்தியம் பார்க்கறதுக்கு அது தேவையும் இல்ல."

"எய்ட்ஸ் இல்லை" என்பதைத் தொடக்கத்திலேயே சொல்வது அவசியம். உடலுறவு, வைரஸ் என்ற இரண்டும் ஒன்றாகக் காதில் விழுந்தவுடன் அவர் மனம் அங்கேதான் போகும்; அதன் பிறகு சொல்லும் எதையும் அவர் கேட்க மாட்டார். ஆனால் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு வராத நிலையில் "உங்களுக்கு எச்.ஐ.வி. கிடையாது" என்று சொல்லிவிடக் கூடாது. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் வேறு என்பது மட்டுமே அங்கே சொல்லத் தக்கது.

"நான் அவரத் தவிர யாரையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லைங்க" என்று ஒருவர் அழுதால், "உங்களைப் போன்ற ஒழுக்கமானவர்களுக்கும் வரும்" என்று ஆறுதல் சொல்லத் தோன்றும். அந்தச் சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். மறுமணம் செய்தவர்கள், கணவர் கைவிட்ட பிறகு வேறொருவருடன் வாழ்ந்தவர்கள், வன்கொடுமைக்கு ஆளானவர்கள், பாலியல் தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் அதே நாற்காலியில் வந்து உட்காருவார்கள். ஒருவருக்குச் சொல்லும் ஆறுதல் இன்னொருவருக்குத் தண்டனையாகிவிடக் கூடாது. "நோய் யாரோட குணத்தையும் பார்த்து வர்றதில்லைம்மா" என்பது எல்லோருக்கும் பொருந்தும்.

இதையடுத்து வரும் கேள்விகள் வீட்டைச் சுற்றியவை. ஒரே தட்டில் சாப்பிடலாமா, பேரக் குழந்தையைப் பக்கத்தில் படுக்க வைக்கலாமா, துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டுமா, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் எப்போதும் போல் செய்யலாம். புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. சில வீடுகளில் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்படுகின்றன, பாய் திண்ணைக்குப் போய்விடுகிறது. அதனால் இந்தப் பகுதியை மட்டும் குடும்பத்தார் முன்னிலையிலும் ஒரு முறை உரத்துச் சொல்வது நல்லது. இதற்கு வைரஸ் பற்றிய பேச்சே தேவையில்லை.

படி 5: கணவர்

கணவரிடம் வைரஸ் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதை நோயாளிதான் தீர்மானிக்க வேண்டும். அவரிடம் மூன்று வழிகளை எடுத்துச் சொல்லுங்கள்: அவரே சொல்லலாம், அவர் முன்னிலையில் நீங்கள் விளக்கலாம், இப்போதைக்குச் சொல்லாமலும் இருக்கலாம். அனுபவத்தில் இரண்டாவது வழியே பெரும்பாலும் அமைதியாக முடிகிறது, ஏனென்றால் கணவருக்கு எழும் சந்தேகங்களுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், வீட்டில் அடி உதை உண்டா, சந்தேகப்படும் கணவரா என்பதைத் தனிமையில் கேட்டே ஆக வேண்டும். உண்டு என்றால் மூன்றாவது வழியே பாதுகாப்பானது. பெண்களுக்கான 181 உதவி எண்ணையும், அதன் வழியாகக் கிடைக்கும் உதவிகளையும் அவருக்குச் சொல்லிவையுங்கள். எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காமல் மனப்பாடம் செய்யச் சொல்லலாம்.

பெங்களூருவிலும் திருப்பூரிலும் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய் மாதக்கணக்கில் தங்கும் ஆண்கள் இந்த மாவட்டங்களில் ஏராளம். எனவே சந்தேகம் இரு பக்கமும் எழும். மனைவி கணவரின் வெளியூர் வாழ்க்கையை நினைப்பார்; கணவர் தான் இல்லாத மாதங்களை நினைப்பார். இருவருக்கும் ஒரே பதில்தான்: இந்த வைரஸ் திருமணத்துக்கு முன்பே இருவரில் ஒருவருக்கு இருந்திருக்கலாம், பல்லாண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்திருக்கலாம். ஆகவே புற்றுநோய் வந்திருப்பது யாருடைய துரோகத்துக்கும் சாட்சி ஆகாது.

கணவர் கேட்பவற்றுக்கும் தயாராக இருங்கள். "எனக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?" ஆண்களுக்கு இந்த வைரஸைக் கண்டறிய வழக்கமான பரிசோதனை எதுவும் பரிந்துரைக்கப்படுவதில்லை, அறிகுறி இல்லாதபோது சிகிச்சையும் தேவையில்லை. ஆண்குறியில் ஆறாத புண்ணோ வளர்ச்சியோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். "எனக்குப் புற்றுநோய் ஒட்டுமா?" ஒட்டாது. "சேர்ந்து இருக்கலாமா?" சிகிச்சை நடக்கும்போதும், முடிந்த பின் மருத்துவர் சொல்லும் வரையிலும் உடலுறவைத் தவிர்க்க வேண்டும். இதற்குக் காரணம் புண்ணும் உதிரப்போக்கும் வலியும்தாம். இந்த ஒரு விவரத்தை விளக்காமல் விட்டுவிட்டால், மனைவியை அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவைப்பதுதான் வழி என்று சில ஆண்கள் முடிவுசெய்துவிடுகிறார்கள்.

மருத்துவமனை நோட்டிலும் பரிந்துரைச் சீட்டிலும் என்ன எழுதப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். அந்த நோட்டு வீட்டில் டிவிக்கு மேலேயோ பீரோவுக்கு மேலேயோ கிடக்கும்; பள்ளிக்கூடம் போகிற பிள்ளை முதல் பக்கத்து வீட்டார் வரை படிப்பார்கள். சிகிச்சைக்குத் தேவையான நோயின் பெயரும் நிலையும் போதும். பால்வினை நோய் என்ற குறிப்பை அதில் எழுதுவதால் மருத்துவப் பயன் ஒன்றும் இல்லை.

படி 6: எச்.ஐ.வி. பரிசோதனை

எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே சிகிச்சைக்கு முன் இந்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படும். சம்மதம் பெற்று, மருத்துவமனையில் உள்ள எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தின் வழியாகவே அது நடக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் சம்மதத்தையும் ரகசியத்தையும் நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. முடிவு எதுவாக இருந்தாலும் அதை முதலில் நோயாளியிடம்தான் தெரிவிக்க வேண்டும். தொற்று உறுதியானால் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையும் புற்றுநோய்ச் சிகிச்சையும் சேர்ந்தே நடக்க முடியும் என்பதை உடனே சொல்லிவிடுங்கள்.

படி 7: சிகிச்சையை முடிக்க வைப்பது

ஆலோசகரின் உழைப்பு மிகுதியாகத் தேவைப்படும் இடம் இதுதான். மிக ஆரம்ப நிலையில் அறுவைச் சிகிச்சை செய்யப்படும். அதைக் கடந்த நிலையில், வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரங்கள் அளவில் நடக்கும். உடன் வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுவார்கள். அதன் பின் கருப்பைவாய்க்கு அருகிலேயே கருவியை வைத்துத் தரும் உள் கதிர்வீச்சு சில முறை நடக்கும். மொத்தமும் எட்டு வாரங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். இடைவெளி விழுந்து காலம் நீளும்போது நோய் கட்டுக்குள் வரும் வாய்ப்பு குறைகிறது.

தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் உதிரப்போக்கு நின்றுவிடும், துர்நாற்றமும் குறையும். அப்போதுதான் ஆபத்து. "இப்ப நல்லா இருக்கே" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாங்காய் பறிப்போ, தக்காளி அறுவடையோ, புளி தட்டும் வேலையோ நடக்கும் மாதமாக இருந்தால் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனையில் உட்கார மனம் வராது. உள் கதிர்வீச்சு என்ற சொல்லே பயமுறுத்தும். அதைத் தவிர்த்துவிட்டு, வெளிக் கதிர்வீச்சு முடிந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. எனவே முதல் நாளிலேயே இப்படிச் சொல்லிவையுங்கள்: "மூணாவது வாரம் ரத்தம் நின்னுடும். நோய் போயிடுச்சுன்னு தோணும். போயிருக்காது. கடைசியா உள்ள வைக்கிற கரண்ட் முடிஞ்சாத்தான் வைத்தியம் முடிஞ்சதா அர்த்தம்." முன்கூட்டியே கேட்டிருந்தவர், அந்த வாரம் வரும்போது உங்கள் சொல்லை நினைத்துக்கொள்வார்.

வெளிக் கதிர்வீச்சு தரும்போது வலி இருக்காது. அது முடிந்து வெளியே வந்தவர் உடலில் கதிர்வீச்சு எதுவும் தங்காது; குழந்தையைத் தூக்கலாம். வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல், களைப்பு ஆகியவை வரலாம். இவற்றுக்கு மருந்து உண்டு என்பதைச் சொன்னால்தான் அவர்கள் நிறுத்திவிடாமல் வந்து கேட்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் சூடு என்று சொல்லி முட்டையையும் பருப்பையும் நிறுத்திவிடுவார்கள். இரத்த அளவு குறைந்தால் சிகிச்சையே தடைப்படும் என்பதால், என்ன சாப்பிட வேண்டும் என்பதை நோயாளியைவிடச் சமைப்பவரிடம் சொல்வதே பலன் தரும். வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் கீரையும் களியும் குறைத்து, குழைந்த சோறும் மோரும் தரலாம்.

நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கோபமின்றிக் கேளுங்கள். பலர் சாப்பிடுவார்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. அதனுடன் என்னவென்று தெரியாத மருந்து சேரும்போது சிறுநீரகம் பழுதாகலாம் என்று விளக்கி, இந்த இரண்டு மாதம் மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

பணமும் தங்குமிடமும் உறுதியாகாமல் மேற்சொன்ன எதுவும் நடக்காது. தர்மபுரிப் பக்கத்தவர்கள் சேலத்துக்கும், ஓசூர்ப் பக்கத்தவர்கள் பெங்களூருவுக்கும், சிலர் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் போகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அன்றே அனுப்பிவையுங்கள். எல்லை தாண்டிப் போகிறவர்கள், தங்கள் அட்டை அங்கே செல்லுமா என்பதைப் புறப்படும் முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே போய்த் தெரிந்துகொண்டு திரும்பி வருவதற்குள் இரண்டு வாரங்கள் வீணாகிவிடும். சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. உரிய படிவத்தில் மருத்துவமனைச் சான்று பெற வேண்டும். வீட்டில் சமைப்பது யார், ஆடு மாடுகளைப் பார்த்துக்கொள்வது யார், மகளிர் குழுக் கடன் தவணையைக் கட்டுவது யார் என்பவற்றை அவருடன் உட்கார்ந்து பேசுங்கள். சிகிச்சை இடையில் நிற்பதற்குப் பெரும்பாலும் இவையே காரணம்.

படி 8: சிகிச்சைக்குப் பிந்தைய உடல்

இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுவிடும். இனிக் குழந்தை பிறக்காது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் இளம் பெண்ணாக இருந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேச வைக்க வேண்டும். மிக ஆரம்ப நிலையில் கருப்பையைக் காக்கும் அறுவைச் சிகிச்சைக்கு வாய்ப்பு இருக்கலாம். திடீர் வெப்பம், வியர்வை, தூக்கமின்மை ஆகியவை வரும் என்பதையும் முன்பே சொல்லுங்கள்.

யோனிப் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்வதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். அதனைத் தடுக்க விரிக்கும் கருவியை மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து வாரத்தில் சில முறை பயன்படுத்த வேண்டும். விதவைகளுக்கும் வயதானவர்களுக்கும் இது தேவையில்லை என்று நாமே முடிவுசெய்துவிடுகிறோம். பாதை ஒட்டிவிட்டால் பின்னாளில் மருத்துவர் உள்ளே பார்த்துச் சோதிக்கவும் முடியாது. ஆகவே, "டாக்டர் செக் பண்ணணும், அதுக்காக" என்று விளக்கினால் கூச்சமின்றி ஏற்றுக்கொள்வார்கள். கருவியைச் செவிலியர் கையில் எடுத்துக் காட்டி, தேங்காய் எண்ணெய்க்குப் பதில் மருத்துவமனையில் தரும் களிம்பையே பயன்படுத்தும்படி சொல்லிக் கொடுக்க வேண்டும். உடலுறவு வேண்டாம் என்று தோன்றுவதும், வேண்டும் என்று தோன்றுவதும் இரண்டும் இயல்பே என்பதை அவர் காதில் ஒரு முறையாவது சொல்லுங்கள். அந்த விருப்பத்தை வெளியே சொல்ல இந்தப் பெண்களுக்கு யாரும் இடம் கொடுத்ததில்லை.

படி 9: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்

"எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்ற சொல் வந்தால் கடந்து போகாதீர்கள். "செத்துப் போயிடலாம்னு எண்ணம் வருதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நம்பத்தக்க உறவினர் ஒருவரிடம், வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். டெலி மனாஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416 இரவு பகலாகச் செயல்படுகிறது.

படி 10: ஆண் நோயாளிகள்

ஆண்குறி, ஆசனவாய், தொண்டையின் பின்பகுதி ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்களில் ஒரு பகுதிக்கும் இதே வைரஸ் காரணமாகிறது. நம் ஊரில் வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் புகையிலையே காரணம். எனவே கன்னத்தில் புண்ணோடு வரும் எல்லோரிடமும் வைரஸைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தொண்டைப் புற்றுநோய் அறிக்கையில், வைரஸின் தொடர்பைக் காட்டும் பி16 என்ற பரிசோதனை இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து பேசுங்கள். ஆண்களுக்கு ஆண் ஆலோசகர் கிடைத்தால் நல்லது. ஆசனவாய்ப் புற்றுநோய் வந்தவரிடம் அவருடைய பாலியல் வாழ்க்கையைத் துருவிக் கேட்பதற்கு எந்த மருத்துவத் தேவையும் இல்லை.

படி 11: குணமாக்க முடியாத நிலையில்

நோய் பரவிய பிறகு வருகிறவர்களுக்கு வலியும், துர்நாற்றமும், சிறுநீர் அடைப்பும் பெரும் துன்பம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு; முறையாகத் தந்தால் அது அடிமைப்படுத்தும் என்ற அச்சம் தேவையற்றது. துர்நாற்றத்தைக் குறைக்கவும் மருந்து உண்டு. மருத்துவரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். நாற்றத்தால்தான் உறவினர்கள் அருகில் வராமல் போகிறார்கள் என்பதால், அதைக் குறைப்பதே அவருக்கு நாம் செய்யும் பெரிய ஆலோசனை ஆகிவிடுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வீட்டுக்கே வந்து தரும் வலித்தணிப்புப் பராமரிப்பும் அதில் அடங்கும். நோயாளியின் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, எந்த நாளில் செவிலியர் வருவார் என்பதைக் கேட்டுச் சொல்லுங்கள். சிறுநீர் குறைந்து முகம் வீங்கினாலோ, உதிரம் கட்டுக்கடங்காமல் போனாலோ 108ஐ அழைக்க வேண்டும்.

படி 12: மகள்களும் தங்கைகளும்

"என் பொண்ணுக்கும் வருமா?" என்று கேட்காத தாய் அரிது. இது அம்மாவிடமிருந்து இரத்தத்தில் இறங்கும் நோய் அன்று என்று சொல்லுங்கள். 30 வயதைக் கடந்த மகளும் தங்கையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும், செலவில்லை. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். 9 முதல் 14 வயதுக்குள் உள்ள பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி மிகுந்த பலன் தரும். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு இதை இலவசமாகப் போடுவதற்கு 36 கோடி ரூபாய் அறிவித்தது; பேத்தியின் பள்ளியில் எப்போது போடுவார்கள் என்பதைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். தடுப்பூசி ஏற்கெனவே வந்த தொற்றையோ புற்றுநோயையோ குணப்படுத்தாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இல்லையென்றால் "எனக்கும் அந்த ஊசியப் போட்டுடுங்க" என்று நோயாளி வீணாகப் பணம் செலவழிப்பார்.

படி 13: தொடர் கவனிப்பு

சிகிச்சை முடிந்த முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும் அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தேதியைச் சீட்டில் எழுதுவதுடன், அதை ஊர்த் திருவிழாவோடோ பண்டிகையோடோ சேர்த்துச் சொன்னால் மறக்க மாட்டார்கள். மீண்டும் உதிரப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம், குறையாத இடுப்பு வலி, மலத்தில் இரத்தம் ஆகியவை தோன்றினால் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும். வராதவர்களைத் தொலைபேசியில் அழைக்கும்போது, எடுப்பவர் யாரானாலும், "ஆஸ்பத்திரியிலேருந்து பேசறோம், செக்கப் தேதி சொல்லணும்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். எந்த எண்ணுக்கு அழைக்கலாம், யாரிடம் பேசலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் கேட்டுக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.